டாக்டரிடம் மட்டும் சொல்லாதவர்

நம் ஊரில் ஒரு மனித இனம் உண்டு. சாதிச் சான்றிதழில் வராது, வாக்காளர் பட்டியலில் தனியாகத் தெரியாது. ஆனாலும் தெருவுக்குத் தெரு நிறைந்திருக்கிறது. ராத்திரி எத்தனை முறை எழுந்து போனோம், காலையில் எப்படிப் போயிற்று, படியேறினால் எந்த முட்டி மடக்கென்கிறது, எந்த மாத்திரை போட்டால் வாய் கசக்கிறது என்று தன் உடம்பின் சகல சங்கதிகளையும் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லும். ஆவடி லோக்கலில் ஜன்னலோரம் தூங்கப் பார்ப்பவரை எழுப்பிச் சொல்லும். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவரை வாளியோடு நிறுத்தி வைத்துச் சொல்லும். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லாது. யார் அந்தப் பாவப்பட்ட ஒருவர் என்கிறீர்களா? டாக்டர்.

சிரிக்காதீர்கள். முதலில் ஒரு மாதிரியைக் காட்டுகிறேன், பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்பின் பி பிளாக்கில் இருக்கும் ஞானசேகரன் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. விழுப்புரம் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, மாலை போட்டு அனுப்பப்பட்டவர். பர்ச்சேஸில் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மாற்று தேடுவது. வெளிநாட்டு பேரிங் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டால், அதே அளவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எவன் செய்கிறான் என்று சந்து சந்தாகத் தேடிப் பிடித்து, கொண்டுவந்து மாட்டி, ஓட வைத்துவிடுவார். "உள்விட்டம் ஒண்ணு, வெளிவிட்டம் ஒண்ணு, அகலம் ஒண்ணு. அப்புறம் என்னய்யா யோசனை? போட்டு ஓட்டு!" என்பது அவருடைய வேதவாக்கு. பேரிங் விஷயத்தில் அது சரியாகத்தான் இருந்தது. கம்பெனி மெச்சிக் கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்றும் அவர் வீட்டு ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வு பெற்றதும் பேரிங் போய்விட்டது. மாற்று தேடிய கை சும்மா இருக்குமா? மாத்திரைக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் மோட்டார் ரூம் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் சபை கூடும். யார் வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது, அட்டையோடு வரவேண்டும். ஞானசேகரன் அந்த அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்துக்களை உதடு அசைய வாசித்து, ஒரு கணம் கண்ணை மூடி, பிறகு தீர்ப்பு சொல்வார். தீர்ப்பு எப்போதும் ஒரே வாசகத்தில்தான் தொடங்கும்: "இது வேற ஒண்ணுமில்ல..." எதுவாயிருந்தாலும் அவருக்கு அது வேறு ஒன்றுமில்லை. அடுத்த வாசகம், "இதுக்கு ஈக்விவலன்ட் என்கிட்ட இருக்கு." கடைசி வாசகம், "எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்காதா?" எதிராளி கொஞ்சம் தயங்கி, "பக்கவிளைவு ஏதாச்சும்..." என்று இழுத்தால், "அதெல்லாம் ஏசி ரூம்ல இருக்கற உடம்புக்குய்யா. நாம பாடிப் புகையில வளர்ந்தவங்க" என்பார். இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்த மருத்துவக் கல்லூரி பதில் சொல்லும்?

ஆளைக் குறை சொல்லக்கூடாது, அவர் சொல்வதில் பாதி உண்மை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. டாக்டரைக் கேட்டு ஒன்றுக்கு இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். நாலு காசு மிச்சமும் ஆகும். ஆபத்து அந்த மீதிப் பாதியில் இருந்தது. உள்ளே என்ன மருந்து என்பதை விட்டுவிட்டு, எதற்கு மருந்து என்பதைப் பிடித்துக்கொண்டார் மனிதர். வலிக்கு வலி மாத்திரை, பிரஷருக்குப் பிரஷர் மாத்திரை. யார் உடம்பு, அந்த உடம்புக்குள் ஏற்கெனவே என்ன மருந்து ஓடுகிறது என்பதெல்லாம் அவருடைய அளவுகோலில் இல்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நம்மவர் கால் வைத்தியர்கூட இல்லை என்பதால் சேதாரமும் அந்த விகிதத்தில் குறைவாகவே இருந்துவந்தது.

எங்கள் பிளாக்கைக் கூட்டிப் பெருக்கும் அங்கம்மா ஒருநாள் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, கை மரத்துப் போகிறது என்றாள். அவ்வளவுதான், சட்டைப் பையிலிருந்து அட்டை வந்துவிட்டது.

"இன்னா சார் இது, செவப்பா கீது?"

"சிவப்புன்னா சத்துன்னு அர்த்தம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு."

மறுநாள் அங்கம்மா கவலையோடு வந்தாள். "சார், சத்து கீதோ இல்லியோ, ஒண்ணுக்கு மஞ்சமஞ்சேன்னு பூடுது சார்!"

"பாத்தியா?" என்று ஞானசேகரன் சபையைத் திரும்பிப் பார்த்தார். "வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு!"

வெறும் வைட்டமின் மாத்திரை என்பதால் அங்கம்மா தப்பித்தாள். அவருடைய கீர்த்தி அயப்பாக்கம் வரை பரவியது.

இவ்வளவு பெரிய மேதையை டாக்டர் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டுமே, அதுதான் காட்சி. அம்பத்தூர் ஓ.டி.யில் டாக்டர் கலைவாணியின் கிளினிக்குக்குப் பல வருஷமாகப் போய்வருகிறார். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை சிங்கம். இடதுபக்கம் இருப்பவரின் தைராய்டை விசாரிப்பார், வலதுபக்கம் இருப்பவரின் சீட்டை வாங்கிப் படித்து உதட்டைப் பிதுக்குவார், எதிர்வரிசையில் இருமும் அம்மாளுக்குத் தூரத்திலிருந்தே சுக்கும் மிளகும் எழுதிக் கொடுப்பார். பெயரைக் கூப்பிடுவார்கள். கதவு திறக்கும். உள்ளே போகிறவர் வேறு ஆள். தோள் குறுகும், செருப்பைத் தேவையில்லாமல் வெளியே கழற்றுவார், நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்காருவார். பெட்டிப்பாம்பு தோற்றுவிடும்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்." நல்லாயிருக்கிறவர் டோக்கன் போட்டு எதற்கு வந்தார் என்று கேட்காதீர்கள்.

"பிரஷர் மாத்திரை தினமும் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்." ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். மெஷினுக்கே வாரம் ஒருநாள் மெயின்டனன்ஸ் விடும்போது உடம்புக்கு லீவு வேண்டாமா என்பது அவர் கட்சி.

"வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

இதைச் சொல்லும்போது சட்டைப் பையில் மூன்று வகை அட்டைகளும் ஒரு பாகற்காய்ப் பொடிப் பொட்டலமும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்டரம்மா பிரஷரைப் பார்ப்பார், இறங்கியிருக்காது. "மருந்து போதலை போல" என்று அளவைக் கூட்டி எழுதுவார். ஞானசேகரன் பயபக்தியோடு சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை தாண்டியதும், "டாக்டருக்கு என் உடம்பு பிடிபடலைய்யா" என்பார். சொன்னால்தானே ஐயா பிடிபடும்!

ஏன் சொல்வதில்லை? நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். திட்டுவார்களோ என்ற பயம் கொஞ்சம். இவ்வளவு படித்தவர்களிடம் போய் 'இதுக்குப் பதிலா அது போடலாமா' என்று கேட்டால் மரியாதைக்குறைவு என்ற எண்ணம் கொஞ்சம். வெளியே இத்தனை பேர் காத்திருக்கும்போது நம் கதையை அளக்கலாமா என்ற கூச்சம் கொஞ்சம். டாக்டர்களும் லேசுப்பட்டவர்களா? தலை நிமிராமல் எழுதுகிறவரின் வகிட்டைப் பார்த்து மனிதன் எந்த ரகசியத்தைச் சொல்லுவான்? எல்லாம் சேர்ந்து கடைசியில், டாக்டரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் மோட்டார் ரூம் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இதுவரை சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சரசா விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது.

சரசா அவர் மனைவி. அதிகம் பேசாத, பேசினால் சுருக்கென்று பேசும் பெண்மணி. சென்ற வருஷம் இதயத்துடிப்பு தாளம் தப்புகிறது என்று கண்டுபிடித்து, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க டாக்டர் கலைவாணி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத் தலை நிமிர்ந்தே சொன்னாராம்: "இதோட சேர்த்து என்னைக் கேக்காம எதையும் போடாதீங்க. முக்கியமா வலி மாத்திரை." சரசா தலையாட்டினார். ஞானசேகரன் அதைவிட வேகமாகத் தலையாட்டினார்.

மகள் அகல்யாவுக்கு நசரத்பேட்டையில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு வைத்தார்கள். அதற்கு முந்தைய வாரம் பார்த்து சரசாவின் இடது முட்டி வீங்கிக்கொண்டது. பெண்ணுக்கு வளையல் அடுக்கவும், வந்தவர்களுக்குக் கலந்த சாதம் பரிமாறவும் நாள் முழுக்க நிற்கவேண்டுமே. "டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏதாவது போடலாமா?" என்றார் சரசா.

"முட்டி வலிக்கெல்லாமா டாக்டர்? இதுக்குப் போய் டோக்கன் போட்டு, அவங்க நேரத்தை வீணடிச்சு... நான் எதுக்கு இருக்கேன்?"

நேரே ஏ பிளாக் அழகேசன் வீட்டுக்குப் போனார். அழகேசன் அதே கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருந்தவர், முல்லைவாயில் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், முட்டிவலியில் மூத்தவர். கத்தரிக்கோலை எடுத்துத் தன் அட்டையைப் பாதியாக வெட்டி, நண்பனுக்கு ஒரு பாதி கொடுத்தார். நண்பனுக்காக உயிரையே கொடுப்பார்கள் என்பார்கள். எங்கள் குடியிருப்பில் அட்டையைக் கொடுப்பார்கள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது, அதுதான் கொடுமை. வீக்கம் வற்றியது. வளைகாப்பில் சரசா ஓரிடத்தில் உட்காரவில்லை. புளிசாதமும் தேங்காய்சாதமும் பரிமாறிக்கொண்டு பம்பரமாகச் சுற்றிய மனைவியை நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஞானசேகரன், என் காதருகே குனிந்து, "நம்ம சர்வீஸ்" என்றார். அப்படியொரு பெருமை. வளைகாப்பு முடிந்தும் மாத்திரை முடியவில்லை. வலி மறுபடி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அழகேசன் கத்தரிக்கோலை எடுத்தார்.

கொஞ்ச நாளில் சரசாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. "பித்தம்" என்றார் ஞானசேகரன், எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். தலை சுற்றியது. "வெயில்" என்றார். வெளிக்குப் போவது கருப்பாக இருக்கிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டே சரசா சொன்னபோது, "நேத்து கறிவேப்பிலைத் துவையல் சாப்பிட்டல்ல?" என்று கேட்டு அதையும் தீர்த்துவைத்தார். அவரிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது.

ஒரு காலை, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, சரசா பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் பதில் வந்தது, எழுந்திருக்க முடியவில்லை. ஞானசேகரன் பால்கனியிலிருந்து கத்திய சத்தத்தில் சி பிளாக்கில் இருந்த நான் ஓடினேன். அந்த நேரத்தில்கூட அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றவில்லை. தெரிந்த முகம் டாக்டரம்மாதான், அங்கேயே ஓட்டு என்றார். வாசலில் நின்ற டில்லிபாபுவின் ஆட்டோவில் சரசாவை நடுவில் வைத்து ஏறினோம்.

சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நெளிந்துகொண்டே டில்லிபாபு கண்ணாடியில் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, மயக்கமா? என் மச்சினிச்சிக்கும் இதே கேசுதான். கிறுகிறுன்னு சுத்தும், மூஞ்சி வெள்ளையா பூடும். ஒரே ஒரு மாத்தர குட்த்தாங்க, டக்குன்னு ஏந்து ஒக்காந்துச்சு. பேரு சொல்லட்டா? என் ஊட்ல மிச்சம் கூட கீது."

ஞானசேகரன் மாத்திரையின் பெயரைக் கேட்காமல் இருந்ததை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றார்.

கிளினிக்கில் டோக்கன் கேட்காமல் உள்ளே விட்டார்கள். டாக்டர் கலைவாணி சரசாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், வயிற்றை அழுத்தினார். வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். கருப்பாக என்றதும் அவர் கை நின்றது.

"ரத்த மாத்திரையைத் தவிர வேற ஏதாவது போடறாங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

கேட்டீர்களா? மனைவி சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடக்கிறாள். உண்மை சட்டைப் பையில் இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும். பல வருஷப் பழக்கம், அதுவாக வந்து விழுந்துவிட்டது வார்த்தை. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார். ஆனால் திரும்ப எடுக்கவும் தெரியவில்லை. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் வாயெடுப்பதற்குள் சரசா கண்ணைத் திறந்தார்.

"இருக்கு டாக்டர்" என்றார் மெதுவாக. "ஏங்க, பையில இருக்கறதை எடுத்து வைங்க. நான் போயிட்டேன்னா யாருக்கு வைக்கப் போறீங்க?"

வெட்டுப்பட்ட அரை அட்டை மேஜைக்கு வந்தது. டாக்டர் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை. பெயர் இருந்த பாதி அழகேசன் வீட்டில். "இது என்ன மாத்திரை?" "முட்டிக்கு டாக்டர்." "முட்டிக்குன்னா? பேர் என்ன?" நம்பர் இல்லாத ஒரு நட்டைக்கூட ஸ்டோருக்குள் விடாத மனிதர், பேர் தெரியாத மாத்திரையைக் கட்டிய மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். "யார் குடுத்தாங்களோ அவங்களுக்குப் போன் போடுங்க" என்றார் டாக்டர்.

ஞானசேகரன் அவசரத்தில் எதையோ தட்ட, போன் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. அழகேசனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இன்னா சேகரு, அந்த வெள்ள மாத்தரயா? என்னாண்ட கேக்குற? நீதானப்பா குட்த்த! ஒனக்கு முதுகு புட்ச்சிக்கினு கெடந்தப்போ ஓ.டி. டாக்டரம்மா எழுதிக் குட்த்துச்சே, ஒடம்பு சூடாவுதுன்னு ரெண்டு போட்டுட்டு மீதிய என் கையில திணிச்சியே, மறந்துட்டியா? நான் அந்தக் காலி அட்டைய காமிச்சி காமிச்சி கடையில வாங்கிக்கினு கீறேன். சோக்கான மாத்தர நைனா! அந்தம்மாக்கு ராசியான கையி!"

ராசியான கைக்காரர் பேனாவை மேஜைமேல் வைத்தார். அழகேசனிடம் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அந்த மாத்திரை இந்த மேஜையிலிருந்து கிளம்பி, பி பிளாக் போய், ஏ பிளாக் போய், ஊரைச் சுற்றிக்கொண்டு இதே மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"இதை நான் உங்களுக்கு எழுதினேன். உங்க முதுகுக்கு, சில நாளைக்கு மட்டும்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இவங்களுக்கு நான் எழுதவே மாட்டேன். ரத்த மாத்திரையோட இது சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். இப்ப கசிஞ்சுக்கிட்டுதான் இருக்குன்னு நினைக்கிறேன். உடனே அட்மிட் பண்ணணும்." அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சரசாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஞானசேகரன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "வலிக்கு வலி மாத்திரைதானே குடுத்தேன்... வலிக்கு வலி மாத்திரைதானே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோபமாக ஏதோ கேட்க நினைத்துப் போனவன் கேட்காமல் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அந்த மனிதர் மனைவிமேல் உயிரையே வைத்திருந்தார். அதில் சந்தேகமே இல்லை. உயிரை வைத்திருந்தால் போதாது, ஒரு வார்த்தை கேட்டும் இருக்கவேண்டும்.

சரசா பிழைத்துக்கொண்டார். வயிற்றில் புண் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். வீட்டுக்கு வந்து தெம்பானதும் டாக்டர் கலைவாணியைப் பார்க்கப் போனார்கள். ஆட்டோவில் துணைக்கு நானும். இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது சரசா.

"டாக்டர், முட்டி இன்னும் வலிக்குது. நான் போடற மாத்திரைங்களோட எது சேரும், எது சேராது? மாத்திரையே இல்லாம வழி இருக்கா? நீங்க சொல்லுங்க, எனக்குப் புரியற வரைக்கும் கேப்பேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்படி யாரும் கேக்கறதே இல்லம்மா."

"நீங்க நிமிர்ந்து பாத்தாத்தானே டாக்டர் கேக்கறது."

டாக்டர் பேனாவை மூடினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாத்திரை ஏன் ஆகாது, அதற்குப் பதில் எது சரசாவுக்கு ஒத்துக்கொள்ளும், அதையும் எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது, மேலே தடவுகிற களிம்பாக இருந்தாலும் ஏன் கேட்டுவிட்டுத்தான் தடவவேண்டும், உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சியை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புரியாததை சரசா மறுபடி கேட்டார். மாதக்கணக்காக மோட்டார் ரூம் பெஞ்சில் நடந்த ஆராய்ச்சி, அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"உங்களுக்கு?" என்று டாக்டர் ஞானசேகரன் பக்கம் திரும்பினார். "பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாவது?"

"ஒண்ணும்..." என்று தொடங்கினார் மனிதர். சரசா வெறுமனே திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். சட்டைப் பை மேஜைமேல் காலியாயிற்று. அட்டைகள், பாகற்காய்ப் பொடி, ஒருநாள் விட்டு ஒருநாள் ரகசியம், எல்லாம். டாக்டர் பாதியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பிரஷர் மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்து, தினமும் போடச் சொல்லி எழுதினார்.

ஞானசேகரன் திருந்திவிட்டாரா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். பெஞ்சில் இப்போதும் சபை கூடுகிறது. இப்போதும் அவர்தான் தலைவர். "டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாதுய்யா!" என்று கர்ஜிக்கிறார். யாராவது அட்டையை நீட்டினால் கண்ணாடி தன்னால் நெற்றிக்கு ஏறுகிறது, "இது வேற ஒண்ணு..." என்பது வரைக்கும் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறார். அழகேசன் மட்டும் இன்னும் கத்தரிக்கோலை ஒளித்துவைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சரி, உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் 'அப்படியே நம்ம மாமனார்' என்றும் 'ஆபீஸ் கிருபாகரனேதான்' என்றும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. உங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது? மைசூர்பாகா? போன மழைக்கால இருமலுக்கு யாருக்கோ எழுதிய மிச்சமும், ஓரம் கத்தரித்த பேரில்லாத அட்டைகளும், எதற்காவது ஆகும் என்று தூக்கிப்போட மனம் வராமல் சேர்த்துவைத்தவையும்தானே? நேற்றுத் தலைவலிக்கு அதில் கையை விட்டுத் துழாவியது யார்? போகட்டும். போன தடவை உங்கள் டாக்டர் ஒரு கணம் தலை நிமிர்ந்து, "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். நான் டாக்டர் இல்லை.